உறக்கத்தில் நிற்கும் மூச்சு: வீட்டுப் பரிசோதனை எல்லோருக்கும் எட்ட வேண்டும்

2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை. நியூயார்க் நகரை நோக்கி வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஒன்று, பிராங்க்ஸ் பகுதியில் ஸ்புய்டென் டைவில் நிலையத்துக்கு அருகே தடம் புரண்டது. மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் அது 132 கி.மீ. வேகத்தில் பாய்ந்திருந்தது. 4 பேர் உயிரிழந்தனர். 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஓட்டுநர் மது அருந்தியிருக்கவில்லை. கைபேசியில் பேசிக்கொண்டிருக்கவும் இல்லை. அவர் இருக்கையிலேயே கண்ணயர்ந்துவிட்டார் என்றும், உறக்கத்தில் மூச்சு தடைபடும் ‘ஸ்லீப் ஏப்னியா’ நோய் அவருக்குக் கடுமையாக இருந்தது என்றும் அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அந்த நோய் இருப்பது விபத்துக்குப் பிறகு நடந்த பரிசோதனையில்தான் தெரியவந்தது.

2016 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஹோபோகன் நிலையத்துக்குள் ஒரு ரயில் நிற்காமல் மோதியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விசாரணையில் வெளிவந்தது அதே காரணம்: கண்டறியப்படாத ஸ்லீப் ஏப்னியா.

இந்தியாவில் இந்தப் பெயர் பரவலாகக் காதில் விழுந்தது 2022 பிப்ரவரியில். இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் 69 வயதில் காலமானபோது, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயே காரணம் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை அறிவித்தது. ‘குறட்டை நோயால் சாவு வருமா?’ என்று பலர் வியந்தார்கள். சில நாள்களில் செய்தி மறந்துபோனது. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, உழைக்கும் வயதில் உள்ள இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது; அவர்களில் 4.7 கோடிப் பேருக்கு அது நடுத்தர அல்லது கடுமையான நிலையில் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தெருவுக்குத் தெரு பரிசோதனை நடக்கும் நாட்டில், இவ்வளவு பெரிய கூட்டம் தனக்கு என்ன நேர்கிறது என்றே அறியாமல் இரவுதோறும் படுக்கப் போகிறது.

இந்த அறியாமையைக் குறைக்கும் கருவி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓர் இரவு வீட்டில் அணிந்து உறங்கினால் போதும் என்ற அளவுக்குப் பரிசோதனை எளிதாகிவிட்டது. ஆனால் காசு கொடுக்க முடிந்தவர்களுக்கும் பெருநகரவாசிகளுக்கும்தான் அது கிடைக்கிறது. அதைப் பொது மருத்துவத்துக்குள் கொண்டுவருவது அரசின் கடமை. அதன் எல்லைகளை அறிந்து பயன்படுத்துவது மருத்துவர்களின் கடமை.

தொண்டையில் என்ன நடக்கிறது?

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுக்கமாக இருந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்கள், தாடை பின்தள்ளி இருப்பவர்கள், பெரிய நாக்கு அல்லது டான்சில் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்தப் பாதை ஏற்கெனவே குறுகலானது. மெல்லிய ரப்பர் குழாயை வேகமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் உள்வாங்கி ஒட்டிக்கொள்வதுபோல, மூச்சை இழுக்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடும். காற்று மட்டும் உள்ளே போகாது.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து உறக்கத்தைக் கலைக்கிறது. ஒரு பெரும் குறட்டையோடு அல்லது திணறலோடு மூச்சு திரும்புகிறது. பெரும்பாலும் இந்த விழிப்பு சில நொடிகளே நீடிப்பதால் காலையில் நினைவில் இருப்பதில்லை. பத்து நொடிகளுக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அது ஒரு நிகழ்வு. மூச்சின் அளவு கணிசமாகக் குறைவதும் கணக்கில் சேரும். மணிக்கு 5 முதல் 15 நிகழ்வுகள் வரை இருந்தால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. கடுமையான நிலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது மூச்சு தடைபடுகிறது என்று பொருள். இரவு முழுவதும் இது தொடர்கிறது.

ஒவ்வொரு தடையின் முடிவிலும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. அதனால்தான் உயர் ரத்த அழுத்தத்துக்கான அடையாளம் காணத்தக்க காரணங்களின் பட்டியலில், 2003-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு அறிக்கை ஸ்லீப் ஏப்னியாவையும் சேர்த்தது. மூன்று மாத்திரை போட்டும் பி.பி. இறங்காத நோயாளிகளிடம் இந்நோய் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, பக்கவாதம், இரண்டாம் வகை சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

“படுத்ததும் தூங்கிவிடுவார், கொடுத்து வைத்தவர்” என்று குறட்டை விடுபவரைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொல்வதுண்டு. பகலில் பேருந்தில், அலுவலகத்தில், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குவதைச் சோம்பல் என்று திட்டுவதும் உண்டு. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கலாம்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். குறட்டை ஆண்களின் விஷயம் என்ற எண்ணத்தால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. காலைத் தலைவலி, ஓயாத அசதி, தூக்கமின்மை என்று அவர்கள் சொல்லும்போது ரத்தசோகைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து எழுதப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்நோயின் வாய்ப்பு கூடுகிறது என்பதை அவர்களிடம் சொல்வாரும் குறைவு.

ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு

இந்நோயைக் கண்டறியும் முழுமையான பரிசோதனை பாலிசோம்னோகிராபி. மருத்துவமனையின் உறக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்க வேண்டும். தலையில், கண்ணோரத்தில், முகவாயில், கால்களில் மின்முனைகள் ஒட்டப்படும். மூளை அலை, கண் அசைவு, தசை இயக்கம், இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்ஸிஜன் அளவு அனைத்தும் பதிவாகும். இரவெல்லாம் ஒரு தொழில்நுட்பர் விழித்திருந்து கண்காணிப்பார். ஒரு படுக்கையில் ஓர் இரவுக்கு ஒருவரை மட்டுமே சோதிக்க முடியும். கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு இந்த வழி போதவே போதாது என்பது எளிய கணக்கு.

வீட்டுப் பரிசோதனைக்கான கருவி உள்ளங்கையில் அடங்கும். மூக்குத் துளைகளில் பொருந்தும் மெல்லிய குழாய் காற்றோட்டத்தை அளக்கிறது. நெஞ்சைச் சுற்றிய பட்டை மூச்சு முயற்சியைப் பதிவு செய்கிறது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான பல்ஸ் ஆக்ஸிமீட்டர், விரலில் ஆக்ஸிஜனையும் நாடித்துடிப்பையும் கணக்கிடுகிறது. மல்லாந்து படுத்திருக்கிறாரா, ஒருக்களித்திருக்கிறாரா என்பதையும் கருவி அறியும். வேறொரு வகைக் கருவி மணிக்கட்டிலும் விரலிலும் மட்டும் அணியப்படுவது. மூச்சு தடைபடும்போது விரல் ரத்தக் குழாய்கள் சுருங்குவதை அது பிடிக்கிறது.

இவை புதிதாக முளைத்த வித்தைகள் அல்ல. வீட்டுப் பரிசோதனை முடிவின் அடிப்படையில் சிகிச்சைக் கருவிக்குப் பணம் தரலாம் என்று அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் 2008-லேயே ஏற்றுக்கொண்டது. நடுத்தர அல்லது கடுமையான நோய்க்கான அறிகுறிகள் தெளிவாக இருந்து, வேறு சிக்கல்கள் இல்லாத பெரியவர்களுக்கு வீட்டுப் பரிசோதனையே போதும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஸ்பெயினில் 430 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்த ஆய்வும் அதே ஆண்டு வெளியானது. வீட்டில் சோதிக்கப்பட்டவர்களுக்கும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டவர்களுக்கும் பகல் தூக்கக் கலக்கம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. செலவு மட்டும் வீட்டு முறையில் கணிசமாகக் குறைந்தது.

சொந்தப் படுக்கையில், பழகிய தலையணையில், வழக்கமான நேரத்தில் உறங்குவது பரிசோதனைக்கும் நல்லது. ஆய்வகத்தில் ஒட்டுகளோடும் ஒயர்களோடும் புரண்டு படுக்கத் தயங்கித் தூக்கமே வராமல் தவிப்போர் பலர். ஓர் இரவு வெளியே தங்குவதென்றால் குழந்தையை யார் பார்ப்பது, மாட்டில் யார் பால் கறப்பது என்று யோசிக்கும் பெண்களுக்கு வீட்டுப் பரிசோதனை மட்டுமே சாத்தியமான வழி.

கருவி எதைப் பார்ப்பதில்லை?

இவ்வளவு சொன்ன பிறகு அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலையைப் பதிவு செய்வதில்லை. எனவே அணிந்திருப்பவர் உறங்குகிறாரா, விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பது கருவிக்குத் தெரியாது. பதிவான மொத்த நேரத்தையே உறக்க நேரமாக எடுத்துக்கொள்ளும்.

இதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். ஒருவர் எட்டு மணி நேரம் கருவியை அணிந்திருந்தார். அதில் ஐந்து மணி நேரம்தான் உறங்கினார். 80 முறை மூச்சு தடைபட்டது. கருவி 80-ஐ எட்டால் வகுத்து மணிக்கு 10 என்று சொல்லும். லேசான நோய் என்று அறிக்கை வரும். உண்மையில் ஐந்தால் வகுக்க வேண்டும், மணிக்கு 16, நடுத்தர நோய். ஆக்ஸிஜன் பெரிதாக இறங்காமல் உறக்கத்தை மட்டும் கலைக்கும் தடைகளும் இந்தக் கருவியின் கண்ணில் படாமல் போகும். வீட்டுப் பரிசோதனை தவறினால் பெரும்பாலும் நோயைக் குறைத்துக் காட்டும் பக்கம்தான் தவறும்.

அதனால்தான் அந்த 2017 வழிகாட்டுதலில் இன்னொரு வரியும் சேர்ந்தே இருக்கிறது: வீட்டுப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தாலோ, முடிவு தெளிவாக இல்லாவிட்டாலோ, பதிவு சரியாக அமையாவிட்டாலோ, ஆய்வகப் பரிசோதனை செய்ய வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரமாவது காற்றோட்டமும் ஆக்ஸிஜனும் ஒழுங்காகப் பதிவாகியிருக்க வேண்டும். நம் ஊரில் பலரும் முதல் பாதியைப் பின்பற்றி, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, பகலெல்லாம் தூங்கி வழிபவர்கள் இருக்கிறார்கள். அறிகுறி இருக்கும்வரை கேள்வியும் இருக்கிறது.

எல்லோருக்கும் வீட்டுப் பரிசோதனை பொருந்தாது. தீவிர இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், நரம்புத் தசைப் பலவீனம், பக்கவாதம், கடுமையான தூக்கமின்மை உள்ளவர்களும் ஓபியாய்டு வகை வலி மருந்துகளை நீண்ட காலமாக உட்கொள்பவர்களும் ஆய்வகத்துக்கே செல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் இது பரிந்துரைக்கப்படவில்லை. அவர்களிடம் டான்சில், அடினாய்டு வீக்கமே முக்கியக் காரணம் என்பதால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுவது முதல் வேலை.

தோல் நிறமும் ஒரு விஷயம். கறுத்த தோலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்க மருத்துவமனைகளில் கறுப்பின நோயாளிகளின் ஆக்ஸிஜன் குறைவைக் கருவி தவறவிடும் வாய்ப்பு, வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக்ஸிஜன் இறக்கத்தை நம்பி முடிவு சொல்லும் பரிசோதனையைத் தமிழர்கள் செய்துகொள்ளும்போது, எண்ணைப் படிக்கும் மருத்துவர் இதை மனதில் வைத்தாக வேண்டும். விரலில் நகப்பூச்சோ மருதாணியோ இல்லாமல் பார்த்துக்கொள்வது பரிசோதனை செய்துகொள்பவரின் பங்கு.

சோதிப்பவரே விற்கலாமா?

இந்நோய்க்கு இன்றும் முதன்மைச் சிகிச்சையாக இருப்பது ‘சிபாப்’ கருவி. முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் அது காக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் சிட்னியில் இதை உருவாக்கி, ஐந்து நோயாளிகளுக்குப் பயன்பட்ட விதத்தை 1981-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். பலரின் பகல் வாழ்க்கையையே மீட்டுக்கொடுத்த கண்டுபிடிப்பு அது. எடைக் குறைப்பு, பக்கவாட்டில் படுப்பது, தாடையை முன்தள்ளும் பல் கருவி, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. உடல் பருமனோடு இந்நோயும் உள்ளவர்களுக்கு டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சிபாப் விற்பவர்களே பரிசோதனைக் கருவியை வீட்டுக்கு அனுப்புவதும், கணினி தானாகத் தயாரித்த அறிக்கையைக் காட்டிக் கருவியை வாங்கச் சொல்வதும் இங்கே சாதாரணமாகிவிட்டன. இடையில் மருத்துவர் ஒருவர் பதிவைப் பார்த்தாரா என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. சிபாப் வழங்கும் நிறுவனமே வீட்டுப் பரிசோதனையையும் நடத்தியிருந்தால் அந்தக் கருவிக்குப் பணம் தரமாட்டோம் என்று அமெரிக்க மெடிகேர் 2008-லேயே விதி செய்துவிட்டது. நமக்கும் அப்படியொரு விதி தேவை. உறக்க மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரின் கையெழுத்து இல்லாத அறிக்கையின் பேரில் யாருக்கும் கருவி விற்கக் கூடாது.

கருவியை வாங்கிவிட்டால் மட்டும் போதாது என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. 2016-இல் வெளியான ‘சேவ்’ என்ற பன்னாட்டு ஆய்வில் இதய, மூளை ரத்தக்குழாய் நோய் உள்ள 2,717 பேர் பங்கேற்றனர். சிபாப் புதிய மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாக அதில் தெரியவில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் மட்டும் மேம்பட்டன. அதில் பங்கேற்றவர்கள் கருவியை அணிந்திருந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே. முகமூடி பொருந்தவில்லை, மூக்கு வறள்கிறது என்று ஒரு வாரத்தில் பரண்மேல் ஏற்றிவிடும் குடும்பங்களுக்கு, அழைத்தால் வந்து சரிசெய்து தர ஆள் வேண்டும். பரிசோதனை, சிகிச்சை, தொடர் கவனிப்பு மூன்றும் ஒரே திட்டத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

தமிழ்நாடு வழிகாட்டலாம்

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வீட்டு வாசலில் பி.பி. பார்க்கும் பெண் தன்னார்வலர், கூடவே எட்டுக் கேள்விகளையும் கேட்கலாம்.

அந்த எட்டுக் கேள்விகளும் தயாராகவே உள்ளன. டொரண்டோ மருத்துவர் பிரான்சிஸ் சங் 2008-இல் வெளியிட்ட ‘ஸ்டாப்-பேங்’ படிவம் அது. சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் அசதியா, தூங்கும்போது மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, உடல் பருமனா, வயது 50-ஐத் தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா? கேட்டு முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். ஒன்றை மட்டும் நமக்கேற்ப மாற்ற வேண்டும்: அந்தப் படிவம் பருமனுக்கு வைத்த வரம்பு 35 என்ற உடல் நிறைக் குறியெண். இந்தியர்களுக்குப் பருமன் 25-லேயே தொடங்குகிறது. ஆசியர்களின் முக, தாடை அமைப்பால் ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வருகிறது.

இப்படிச் சலித்தெடுக்கப்பட்டவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து வீட்டுக் கருவியைக் கொடுத்தனுப்பலாம். மறுநாள் திருப்பித் தந்தால் பதிவை மருத்துவக் கல்லூரியில் உள்ள நுரையீரல் மருத்துவர் கணினியில் பார்த்து முடிவு சொல்லலாம். சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் ஆய்வகப் படுக்கை. தேவைப்படுவோருக்குச் சிபாப் கருவியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவோ, வாடகை முறையிலோ தரலாம்.

அடுத்து ஓட்டுநர்கள். நடுத்தர அல்லது கடுமையான ஸ்லீப் ஏப்னியா இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் ஓட்டுநர்களை, உரிமம் தரும் முன்போ புதுப்பிக்கும் முன்போ மருத்துவ ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் சட்டம் செய்தது. நம் ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவச் சான்று கண்ணையும் காதையும் பார்க்கிறது. உறக்கத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நாமக்கல்லிலிருந்து வட மாநிலங்கள்வரை லாரி ஓட்டுபவரும், இரவுப் பேருந்தில் நாற்பது உயிர்களைச் சுமந்து செல்பவரும் நெடுநேரம் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள். எடை கூடும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். அவர்களுக்குப் பரிசோதனை இலவசமாக இருக்க வேண்டும். நோய் கண்டறியப்பட்டால் சிகிச்சையும், அதுவரை மாற்றுப் பணியும் உறுதி செய்யப்பட வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் எந்த ஓட்டுநரும் உண்மை சொல்லமாட்டார்.

அமெரிக்காவில் ரயில், லாரி ஓட்டுநர்களுக்கு இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு, ஹோபோகன் விபத்து நடந்து ஓராண்டு முடிவதற்குள், 2017 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அந்தத் தவறை இங்கே செய்ய வேண்டியதில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் உரக்கக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திணறுபவர், போதுமான நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குபவர், மாத்திரைக்குக் கட்டுப்படாத பி.பி. உள்ளவர் யாராவது இருந்தால், அவர் உறங்கும்போது ஒரு நிமிடம் கைபேசியில் காணொளி எடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் காட்டி, “இவருக்கு உறக்கப் பரிசோதனை தேவையா?” என்று கேளுங்கள்.